கடைசியா ஒரே ஒரு செட்டிங்

கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டுவது அவனுக்குச் சோற்றுக்கு, இசையமைப்பது பெருமைக்கு. பதினோரு வருடமாக இசையமைப்பாளர். பாட்டு மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை, செட்டிங்ஸ் சரியாக அமையவில்லையாம். வீட்டில் அவனுக்குப் பெயரே செட்டிங்ஸ்தான்.

அவன் அக்காவுக்கு மறுநாள் தொண்டையில் ஆபரேஷன். குரல் பழையபடி இருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தாராம். "இருக்கிற குரல்ல ஒரே ஒரு பாட்டு பதிஞ்சு வச்சுடுடா," என்று அவளே அவன் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக மாமா மூன்று மணிக்குக் காரோடு வருவார். அப்போது மணி ஒன்று.

நம்ம செட்டிங்ஸ் ஐயா சும்மா இருப்பாரா? கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்து அனுப்பும் பஃபரைக் குறைத்தார், ஹெட்ஃபோனில் படபடவென்று பொரிந்தது. கூட்டினார், அக்காவின் குரல் அவள் காதுக்கே தாமதமாக வந்தது.

"எனக்குப் பின்னாடியே யாருடா பாடுறா?"

"நீதான்க்கா. லேட்டன்சி."

"அவளை முதல்ல வெளிய அனுப்பு."

இரண்டரைக்கு எல்லாம் பொருந்தியது. மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். "கடைசியா ஒரே ஒரு செட்டிங்க்கா," என்று மிடி பக்கத்தைத் திறந்து, கீபோர்டு ட்ராக்கோடு அக்காவின் ட்ராக்கையும் சேர்த்து மிடியாக மாற்றித் தொலைத்தான். எந்தக் கட்டையை எப்போது அழுத்தினாய் என்பதை மட்டும்தான் மிடி குறித்துக்கொள்ளும். மனுஷக் குரலை அது சட்டை செய்வதே இல்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அவள் அப்படிப் பாடி அவன் கேட்டதே இல்லை. அவன் கீபோர்டு வாசிக்க வாசிக்க, திரையில் குட்டிக் குட்டிக் கோடுகள் ஓடின. அடடா, பதிகிறதே என்று அவனுக்குப் புல்லரித்தது. வாசலில் ஹார்ன் அடித்தது.

"வந்துச்சாடா?"

"அமோகமா வந்துருக்குக்கா!"

கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் போட்டுக் கேட்டான். கீபோர்டு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து, கரகரத்த குரலில் அக்கா, "அந்தப் பாட்டைப் போடேன்டா," என்றாள்.

"பாட்டு பதியலக்கா," என்றான். அன்று மைக் சரிபார்க்கும்போது தனியாகப் பதிந்த ஒரு துண்டுதான் மிச்சம். அதைப் போட்டான். கணீரென்று வந்தது பழைய குரல்: "டேய் எருமை, நான் பாடவா வேண்டாமா?"

அக்கா ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போடு," என்றாள்.