ஒற்றைச் செருப்பு

செகந்திராபாத்தில் எங்கள் ரயில்வே காலனி முனைக்குத்தான் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையின் பஸ் வரும். அண்ணன் ஏறிப் போன பிறகு அவனுடைய இடது கால் செருப்பு மட்டும் பல நாள் ரோட்டில் கிடக்கும். டீக்கடை பாய் அதை எடுத்துவைத்திருந்து, சாயங்காலம் அவன் இறங்கும்போது, "கைக்கு மியா, சப்பல் நக்கோ?" என்று, ஏன் செருப்பு வேண்டாமா என்பதைத் தன் உருதுவில் கேட்டு, சிரித்தபடி நீட்டுவார். அண்ணனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். கழன்றதே தெரியவில்லை என்று என்னிடம் மட்டும் சொல்லுவான்.

காலனிக்காரர்களிடம் பதில் தயாராக இருந்தது. கள்ளுக் காம்பவுண்டுக்குப் போகிறவன்தானே செருப்பைத் தொலைப்பான்? நடையும் கொஞ்சம் தள்ளாடியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு அண்ணனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் காதுக்குப் போய், அவர்கள் நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் படத்தைத் தொட்டு அண்ணன் சத்தியம் செய்தான். அப்பா அசையவில்லை. ஊரில் மற்றவர்கள் நம்பாதது எனக்குப் பெரிதில்லை. அவன் வாயில் வாடையே இல்லையென்று தெரிந்தும் அப்பா நம்ப மறுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். கல்யாணம் காட்சிக்கும் கயிறு கட்டிய பூட்ஸ்தான், வீட்டுக்குள் காலுறை. அதை வெள்ளைக்காரன் காலத்து மிடுக்கு என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், பாதத்தில் கண்ணாடித் துண்டு ஏறியது தெரியாமல் வீடெல்லாம் நடந்தான். ரத்தத் தடத்தைக் காட்டியபோது யாருக்கு அடிபட்டது என்று என்னையே கேட்டான். அன்றுதான் பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். கால் விரலை உணரும் நரம்பின் உயிரணு இடுப்புப் பக்கம் முதுகெலும்பருகே இருக்கிறது. புரதங்களில் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது. அவற்றை அந்த நரம்பிழை நெடுகச் சுமந்து வந்து கால் நுனியில் இறக்க வேண்டும். கருவில் நரம்பு நீண்டு வளர்ந்ததே அந்தச் சரக்கை வைத்துத்தான். வளர்ந்தபின் உயிரோடிருப்பதும் அதனால்தான். அண்ணன் உடம்பில் அந்தச் சுமப்பு தளர்ந்துவிட்டது. தூரத்தில் இருப்பதுதான் முதலில் பட்டினி கிடந்து சாகும். மரப்பு முழங்கால் வரை ஏறியதும் கைவிரல்களில் தொடங்கும். மருந்து இல்லை.

பிறகு டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா, சிலருக்கு வெளியே தெரியாமலே இருந்து பிள்ளைகளுக்குப் போகும் என்றார். அப்பாவிடம் கேட்டேன். அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, காலுறையையும் கழற்றினார். உயர்ந்து வளைந்த பாதம், மடங்கிப்போன விரல்கள். அண்ணனுடையது போலவே இருந்தது.

"இவன் செருப்பு கழண்ட அன்னிக்கே தெரியும்மா. குடின்னா திட்டியாவது நிறுத்திடலாம். அதான் குடின்னே இருக்கட்டும்னு நெனச்சேன்."

டாக்டருக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அண்ணன் கீழே உட்கார்ந்து, அப்பாவின் பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டான். அன்று மாலையே அப்பா அவனுக்குப் பின்வார் வைத்த செருப்பு வாங்கி வந்தார். சில வருஷத்தில் அண்ணன் கையில் ஸ்பானர் நிற்கவில்லை, வேலை போயிற்று. கல்யாணம் என்ற பேச்சையே அவன் எடுக்கவிடவில்லை. கடைசியில், வலிக்காததால் யாரும் கவனிக்காத ஒரு கால் புண் அழுகி அவனைக் கொண்டுபோனது.

என் கால்கள் தப்பின என்று இத்தனை காலம் நிம்மதியாகத்தான் இருந்தேன். என் மகன் மாதாப்பூரில் வேலை பார்க்கிறான். போன வாரம் ஆபீஸ் பஸ்ஸில் வந்து இறங்கியவன், ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றான். "எங்க விழுந்துச்சுன்னே தெரியலம்மா" என்று சிரித்தான். நான் கிட்டே போய் அவன் வாயை முகர்ந்தேன். கடவுளே, சாராய வாடை அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடிக்கவில்லை.