கொட்டாவிக்கு மட்டும் எழுந்த கை

வீட்டில் யாராவது கொட்டாவி விட்டால் அப்பா உடனே அவர்களுடைய இடது கையைப் பார்க்கிறார் என்று நீங்கள் கேலி செய்கிறீர்கள். அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது என் சித்தப்பா கல்பாக்கத்துக்கு வேலை ஆட்களை ஏற்றிப்போகும் ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். காலையில் செங்கல்பட்டில் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போவார், சாயங்காலம் அதே ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஒரு நாள் விடியலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பேச்சு இருந்தது. முதலில் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார், அது சில வாரங்களில் தேறிவிட்டது. இடது கைதான் யாரோ கொடுத்துவைத்த பொருள் மாதிரி மடியில் கிடந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் காயமில்லை, கட்டுமில்லை. ஆஸ்பத்திரியில் படம் பிடித்ததோ தலையை. கைக்கு ஒரு குறையும் இல்லை, மூளை அனுப்புகிற சேதிதான் அதற்குப் போய்ச் சேரவில்லை என்று அங்கே கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னார்களாம். அப்படியானால் கையிடமே நேராகச் சொல்லிவிடலாமே? சித்தப்பா கண்ணயர்ந்த நேரம் பார்த்து அதன் பக்கத்தில் குனிந்து "தூக்கு" என்று சொன்னேன். அது கேட்கவில்லை.

பிறகு ஒரு மதியம், சோறு உண்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா பெரிதாகக் கொட்டாவி விட்டார். மடியில் கிடந்த கை தானாக மடங்கி மெல்ல மேலே ஏறியது. மார்பு வரை வந்தது. வாய் மூடியதும் இறங்கிவிட்டது.

நான் கத்திக்கொண்டு போய்ச் சித்தியை இழுத்துவந்தேன். அவள் தூக்குங்கள் என்றபோது கை அசையவே இல்லை. "வெளாட வேற ஆளு கெடைக்கலியா ஒனக்கு?" என்று சித்தி என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் விடவில்லை. சித்தப்பாவின் முன்னால் உட்கார்ந்து நானே கொட்டாவி விட ஆரம்பித்தேன். கொட்டாவி ஒட்டிக்கொள்கிற சங்கதி அல்லவா? அவருக்கும் வந்தது. கை எழுந்தது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கை வந்தால் திருப்போரூர் முருகனுக்கு வெள்ளியில் கை செய்து போடுவதாக அவள் வேண்டியிருந்தாள். முருகன் பாதி வழி வந்துவிட்டான் என்று, கை எழுந்ததைப் பஸ் முதலாளிக்கும் சொல்லி அனுப்பினாள். கை சரியாகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த வண்டிக்கு நிரந்தரமாக வேறு டிரைவரைப் போடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தோம். "எங்க, தூக்கு பாப்போம்" என்றார். சித்தப்பா பல்லைக் கடித்தார். தோள் ஏறியது, நெற்றி வேர்த்தது. விரல்கள் அப்படியே கிடந்தன. சித்தி கெஞ்சியதால் பொய்யாக ஒரு கொட்டாவியும் விட்டுப் பார்த்தார். வாய் திறந்தது, அவ்வளவுதான். கை பொய்க்கு ஏமாறவில்லை.

சித்தி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் தொடங்கினேன். முதலில் கொட்டாவி முதலாளியைப் பிடித்தது. அவரிடமிருந்து சித்தப்பாவுக்குத் தாவியது. கை மார்பு வரை எழுந்தது.

"அட, கை நல்லாத்தானே கீது! இன்னாய்யா, என்னாண்டயே நடிப்பா? நாளைக்கு வந்து வண்டிய எடு."

சித்தியின் முகம் விளக்கேற்றியது போல ஆனது. சித்தப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அத நான் தூக்கல மொதலாளி. அதுவா போவுது."

"அதுவா போனா இன்னா, நீ தூக்கினா இன்னா? ஒன் கைதானே?"

"கியர் மாத்த சொல்லோ கொட்டாவி வரணுமே மொதலாளி. வரலன்னா? பின்னால அத்தினி பேரு குந்திகினு இருப்பாங்களே."

முதலாளி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுந்து சித்தப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அப்புறம் அந்தப் பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார்.

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு மெதுவா ஓட்டுனா ஆவாதா? ஊர்ல இல்லாத யோக்கியரு!" என்று சித்தி பாத்திரங்களிடம் கோபித்துக்கொண்டாள். எனக்கும் கோபம்தான். நான் கஷ்டப்பட்டு எழுப்பிய கையை அவர் தன்னுடையது இல்லை என்பது போலச் சொன்னால் எப்படி?

பெரியவனான பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். நாம் நினைத்துத் தூக்கும்போது சேதி ஒரு வழியாகக் கைக்கு வருகிறதாம். கொட்டாவி மூளையின் அடியிலிருந்து கிளம்புகிற வேறு சமாச்சாரமாம், அது வேறு வழியில் கையைத் தொடுமாம். தார் ரோடு உடைந்தாலும் வரப்பு வழியாக யாரோ வருவதைப் போல. எனக்கு இன்றும் முழுதாக விளங்கவில்லை.

முதலாளி வந்துபோன சில நாட்களில், வேண்டுதலையாவது முடிப்போம் என்று மூவரும் திருப்போரூர் போனோம். கோயில் வாசல் கடையில் வெள்ளித் தகட்டுக் கையை எடுத்துப் பார்த்த சித்தி திரும்ப வைத்தாள். மறுபடியும் எடுத்தாள். கை வந்ததா, வரவில்லையா? வந்தது என்றால் வேலை ஏன் போனது? வரவில்லை என்றால் காணிக்கை எதற்கு? அரைக் கை விற்பார்களா என்று நான் கேட்டேன்.

"வாங்கிப் போடு. வண்டில ஏர்ற ஜனத்துக்கு ஒண்ணும் ஆவல இல்ல?" என்றார் சித்தப்பா. வலது கையால் அவரே உண்டியலில் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் டிரைவர் தெரிகிற மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்தோம். சித்தப்பா சாலையைப் பார்க்கவில்லை, டிரைவரின் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அது கியரை மாற்றும் ஒவ்வொரு தடவையும், அவருடைய வலது கை மடியில் கிடந்த இடது கையைப் பிடித்து லேசாக முன்னால் தள்ளியது, பின்னால் இழுத்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத்தான் விடாமல் செய்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.