நிறுத்து டீச்சர்

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளி முழுக்க ஒரே பெயர்தான்: நிறுத்து டீச்சர். பிள்ளைகள் வாசிக்கும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் "நிறுத்து" என்பார். "கண்ணை மூடு. என்ன தெரியுது? அடுத்து என்ன நடக்கும்?" பதில் வந்த பிறகுதான் அடுத்த வரி. பத்தொன்பது வருஷமாக இதே பாட்டு. கடகடவென்று வாசித்துவிட்டு, கதையில் வந்தது நாயா பூனையா என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வந்த பிடிவாதம் அது.

இந்த வருஷம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவள் முட்டைக்கண்ணி. எழுத்துக் கூட்டவே திணறியவள், இப்போது கண்ணை மூடினால் கதைக்குள்ளேயே குடியேறிவிடுவாள். தேறாதவர்களைப் பள்ளியின் பின்கட்டில் தனி வகுப்பாக உட்காரவைக்கும் வாசிப்புத் தேர்வுக்கு முந்தின வாரம் அவளுடைய அப்பா, லேத் பட்டறைக்காரர், வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"பின்கட்டு வகுப்புக்கு மட்டும் அனுப்பிடாதீங்க டீச்சர். நானும் அதுல உக்காந்தவன்தான். அங்க போனா திரும்பி வர்றது இல்ல."

"நல்லா படிக்கிறா. நீங்க கவலைப்படாம போங்க," என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

தேர்வு வைக்க வெளியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். எட்டு வரிக் கதை, ஐந்து கேள்வி. மூன்று கேள்விக்காவது சரியாகப் பதில் சொல்லாவிட்டால் பின்கட்டு. இந்த வருஷம் புதிதாக ஒரு நிமிடக் கணக்கும் சேர்ந்திருந்தது. அதற்குள் வாசித்த வரிகளில் இருந்துதான் கேள்வி. டீச்சருக்கே அது அன்று காலை தேர்வறைக்குள் வந்த பிறகுதான் தெரியும். அவர் பின்னால் உட்காரலாம், வாயைத் திறக்கக்கூடாது.

முட்டைக்கண்ணி முதல் வரியைத் தப்பில்லாமல் வாசித்தாள். கதையில் ஒரு நாய் சாப்பாட்டைத் தொடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

படிடி, மேலே படி என்று டீச்சரின் மனசு அடித்துக்கொண்டது. செருமிப் பார்த்தார். அந்த அம்மாள் திரும்பி முறைத்தார். முட்டைக்கண்ணி சாவகாசமாகக் கண்ணைத் திறந்து இரண்டாம் வரியை வாசித்து, மறுபடி மூடினாள். மூன்றாம் வரியில் மணி அடித்துவிட்டது.

அதுவரைக்கும் இரண்டு கேள்விதான் இருந்தது. இரண்டுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலே, "அது யாருக்காகவோ காத்திருக்கு. அவங்க வரமாட்டாங்க, பாவம்," என்றாள். எட்டாவது வரியில் இருந்ததும் அதுதான்.

"மேடம், படிக்காத முடிவையே சொல்லிட்டாளே!"

"எனக்கும் புரியுது டீச்சர். அதுக்கு இதுல கட்டம் இல்லையே," என்று அந்த அம்மாள் மதிப்பெண் தாளைக் காட்டினார். இல்லைதான்.

வெளியே வந்ததும் முட்டைக்கண்ணி டீச்சரின் கையைப் பிடித்தாள். "ஒவ்வொரு வரிக்கும் நிறுத்துனேன், பாத்தீங்களா மிஸ்?"

"பாத்தேன் கண்ணு."

திங்கட்கிழமை அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கொண்டுவந்து விட்ட அப்பா டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை. தேர்வில் நிறுத்தாமல் வாசித்துத் தேறிய மற்றப் பிள்ளைகள், வகுப்பில் முதல் வரியை வாசித்துவிட்டு, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"மூடாதீங்க," என்றார் டீச்சர். "நிறுத்தாம படிங்க."