ஒலி எழாத கித்தார்

நெருப்புக்காய்ச்சலில் என் மகன் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தபோது, இடநெருக்கடியால் கித்தார்க்காரர் ஒருவரை அடுத்த கட்டிலில் போட்டிருந்தார்கள். குருநகர்க்காரர். கறுத்து மெலிந்த தேகம், கழுத்தில் செபமாலை. வலக்கை முறிந்து கட்டுப்போட்டிருந்தது. கித்தாரை நெஞ்சில் சாய்த்து, இடக்கை விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தந்திகளில் அமர்த்திக்கொண்டிருப்பார். பாட்டு எழாது; விரல் நகரும் கீச்சொலி மட்டுமே கேட்கும்.

“மீட்டக் கையில்லாமல் இதென்ன வாசிப்பு?” என்று கேட்டேன்.

“வலக்கை சுகமாகி வரேக்கை இடக்கை பிந்தி நிக்கக்கூடாது, ஐயா. உந்தச் சின்னவிரல் கள்ளன். வேகமா ஓடினா மற்ற விரலுகளுக்குப் பின்னாலை ஒளிச்சிடுவான். ஆறுதலா ஓடவிட்டுத்தான் பிடிக்கவேணும்.”

“கை முறிஞ்சும் புழுகு முறியேல்லை,” என்றார் சோறு கொண்டுவந்த அவர் மனைவி.

அன்று பின்னேரம் மகனுக்குக் காய்ச்சல் கடுமையாக ஏறியது. அந்தக் கீச்சொலியைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. நிறுத்தச் சொன்னேன். அவர் உடனே நிறுத்திவிட்டார்.

சற்று நேரத்தில் மகனின் உதடுகள் அசைந்தன. குனிந்து காதுகொடுத்தேன்.

“ஏனப்பா அவர் நிப்பாட்டினவர்?”

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் விரல்களைத் திரும்பவும் தந்தியில் வைத்தார்.

மகன் பிழைத்தான். அவர் எங்களுக்கு முன்னரே வீடு போய்விட்டார். அத்தனை நாளும் அவர் பழகியது என்ன பாட்டென்று எனக்குத் தெரியாது. மகனைக் கேட்டால், அருமையான பாட்டு என்கிறான்.