தண்டோரா கூட்டமும் மீன் கூடைகளும்

ஊர்க்காரர்களுக்காகக் கூட்டும் கூட்டத்துக்கு ஊர்க்காரர்களே ஏன் வருவதில்லை? எனக்குப் பதில் தெரியாது. கல்லூரியில் நான் இதைப் பாடமாக நடத்துகிறேன் என்பது வேறு விஷயம். எழுபத்து நாலு மாசியில், மூன்று நாள் விடுப்பில், கடலை மட்டும் பார்க்கப் போனேன்.

செங்கல்பட்டில் காலை ஏழேகால் பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் ஒரு ரூபாய் பத்து காசு. அங்கிருந்து தெற்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஒரு குப்பம். சவுக்குத் தோப்புக்கு அப்பால் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாத வெளிச்சம். அரைத்தூக்கமாக உட்கார்ந்திருந்தேன். பறைச் சத்தம் கனவுக்குள் கேட்பதுபோல நெருங்கி வந்தது. தண்டோராக்காரன் ஒருவன் பறையை நிறுத்திவிட்டுக் கூவினான்.

“நாளைக்கு பத்து மணிக்கு டவுன் பஞ்சாயத்து ஆபீசுல கூட்டம்! புதுக் கொழாய் எங்க வெக்கணும்னு சனங்களே சொல்லலாம்! வர்றவங்களுக்கு டீ உண்டு!”

கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்தாள். தினமும் ஒரு மைல் நடந்து தண்ணீர் சுமப்பவள்.

“பத்து மணிக்கு நான் மீன் வித்துகினு இருப்பேனே, அண்ணாத்த. யாவாரத்த வுட்டுட்டு டீ குடிக்கவா வரணும்?”

“எனுக்கு இன்னா தெரியும்? அடிக்கச் சொன்னாங்கோ, அடிக்கிறேன்.”

அவன் போனதும் என்னிடம் திரும்பினாள். “நாங்க போவலன்னா கடைத்தெருகாரனுங்க கொழாய இஸ்துகினு பூடுவானுங்க. போனா அன்னிக்கு மீனு நாறிப்பூடும்.”

மனு எழுதித் தரட்டுமா என்றேன், பெரிய நம்பிக்கையில்லாமல்.

“காயிதம் வாயத் தொறந்து பேசுமா?” என்று சிரித்தாள்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: பதினொரு மணிக்கு மேல் மணலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுவாருங்கள். குப்பத்தில் கேட்காதீர்கள், அவர்கள் கொடுத்துவிடுவார்கள்.

மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். பத்து மணிக்கு ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒன்பது மீன் கூடைகள் வரிசையாக இருந்தன. கூட்டத்துக்கு வந்தவர்களிடமே குப்பத்துப் பெண்கள் வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார்கள். குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு வஞ்சிரம் விலை கேட்டார். குழாய் குப்பத்துக்கு வேண்டும் என்பவர்களை அதிகாரி கை தூக்கச் சொன்னபோது, செதில் ஒட்டிய கைகள்தான் அதிகம். “குப்பத்தின் வடக்கு முனை” என்று பதிவேட்டில் எழுதினார்.

“படிச்சுக் காட்டு சார்,” என்றாள் அஞ்சலை. படித்தார்.

“இன்னொரு தபா.”

மறுபடியும் படித்தார். அதற்குப் பிறகுதான், பாதி மீன் மீந்த கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் படி இறங்கினாள்.