கழுவக் கூடாத கரண்டி

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் ஒரு ஜப்பானிய அம்மாவின் வீட்டைக் கிழமைக்கு ஒருநாள் துப்புரவாக்கப் போய்க்கொண்டிருந்தேன். நாங்கள் இருந்த பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ். பகலில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். கதவைத் திறந்து உள்ளே போக வீட்டுத் திறப்பு என்னிடம் இருந்தது. இந்த நகரத்தில் ஒருவர் என்னை நம்பித் தந்த முதல் திறப்பு அது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மாதத்தில் ஒரு ஞாயிறு சிலரை அழைத்து முறைப்படி தேநீர் கொடுப்பார். பச்சைத் தேயிலைத் தூளை அள்ள ஒரு மூங்கில் கரண்டி. ஒரு சாண் நீளம் வராது. நுனி விரலை மடித்ததுபோல வளைந்திருக்கும். நூறு வருடத்துக்கு மேல் பழையது, தன் ஆசிரியை தந்தது என்று ஒருமுறை காட்டினார். கழுவாதே என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு கரண்டியைக் கழுவாதே என்று யார்தான் சொல்வார்கள்?

ஒரு வியாழக்கிழமை அது மேசையில் கிடந்தது, நுனியில் பச்சைத் தூளோடு. எங்கள் வீட்டில் சாப்பாடு பட்ட எதுவும் தண்ணீர் காணாமல் அலுமாரிக்குள் போகாது. இவ்வளவு படித்த மனிசிக்கு இதுகூடத் தெரியாதா என்று முணுமுணுத்தபடி சவர்க்காரம் போட்டுக் கொதிநீரில் ஊறவிட்டேன். குளியலறையை முடித்துவிட்டு வந்தால் வளைவைக் காணவில்லை. மூங்கிலைச் சூடுகாட்டித்தான் வளைப்பார்களாம். அந்தச் சூடே அதை நிமிர்த்திவிட்டது. விரலால் மடித்துப் பார்த்தேன். மெல்ல நெரிகிற சத்தம் கேட்டது, விட்டுவிட்டேன். துடைத்து, அதை வைக்கும் மூங்கில் குழாய்க்குள் போட்டு மூடிவிட்டு வந்தேன்.

துறைமுகத்தில் லொறி ஓட்டும் என் கணவரிடம் சொன்னேன்.

"நீர் ஏன் அதில கை வைச்சனீர்? கேட்டா, தெரியாதெண்டு சொல்லும்."

"என்னை விட்டா அந்த வீட்டில ஆர் கழுவுறது?"

"அப்ப திறப்பைக் குடுத்திட்டு வாரும்."

நான் பயந்ததும் அதற்குத்தான்.

அந்த ஞாயிறு கோப்பைகள் கழுவ என்னைக் கூப்பிட்டிருந்தார். தேநீர் குடித்து முடிந்ததும் விருந்தாளிகள் கரண்டியைக் கையில் வாங்கிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த குசினியின் கதவு பாதி திறந்திருந்தது. வளைவுக்கு என்ன நடந்தது என்று யாரோ ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

"நான்தான். மறதியில் வெந்நீரில் போட்டுவிட்டேன்" என்றார் அவர்.

அத்தனை வருடம் அதைக் கையாண்டவர். ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

எல்லோரும் போனபின் கரண்டியோடு குசினிக்குள் வந்தார்.

"நான்தான் கழுவினேன்" என்றேன், தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும். இந்த வீட்டில் நீ கழுவாமல் விட்டது எது?"

திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. என் கையில் கரண்டியையும் ஒரு காய்ந்த பட்டுத் துணியையும் தந்தார்.

"தண்ணீர் வேண்டாம். துடைத்தால் போதும்."

துடைத்துக் கொடுத்தேன். போகும்போது திறப்பை எடுத்துக்கொண்டேன்.