மூன்று மாதப் பயிர்

பட்டா கைக்கு வரும்வரை எங்கள் காட்டில் பீன்ஸைத் தவிர எதுவும் போட்டதில்லை. மூன்று மாதத்தில் பறித்துவிடலாம். யாராவது வந்து போகச் சொன்னால் போக வேண்டிய நிலத்தில் மரம் வைக்க எங்களுக்கென்ன பைத்தியமா?

எங்களுக்கு என்றால் எனக்கும் மேட்டு வீட்டு மதினிக்கும். இருவருக்கும் புருஷன் இல்லை. என் சரிவு கீழே, அவளுடையது மேலே. நடுவில் வரப்புகூடக் கிடையாது. காலையில் அவள் காட்டில் கொத்துவோம், மதியத்துக்கு மேல் என் காட்டில். அவள் வாய் ஓயாது. "வெரசா கொத்து, மழை ஒனக்காகக் காத்துக் கெடக்காது" என்று விரட்டிக்கொண்டே இருப்பாள். எரிச்சலாக இருக்கும்.

பட்டா கொடுப்பதற்காக அளக்க வந்த வாரம் அவள் காபி பறிக்கத் தாண்டிக்குடிக்குப் போயிருந்தாள். "எங்கம்மா எல்லை?" என்று சர்வேயர் கேட்டார். எனக்கு எப்போதும் கொஞ்சம் வாய்க்கொழுப்பு. "எங்க ரெண்டு பேருக்குள்ள ஏதுங்க எல்லை?" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு சரிவையும் சேர்த்துச் சுற்றிக் கல் நட்டுவிட்டுப் போனார். பட்டா வந்தபோது மொத்தமும் என் பெயரில் இருந்தது.

மனு எழுதிக்கொண்டு நாலு தடவை தாலுகா ஆபீசுக்கு மலையிறங்கினேன். கொடுத்ததைப் பிரிக்க வழியில்லை என்றார்கள். "எப்பவும் போல நீங்க பாட்டுக்கு வெள்ளாமை பண்ணுங்க மதினி" என்றேன். அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்காட்டுல நான் கூலிக்காரியா நிக்கணுமா? நல்லா இரு தாயி."

அவ்வளவுதான். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி தரம் பிரிக்கப் போய்விட்டாள்.

இனி யாரும் போகச் சொல்ல முடியாது என்ற தைரியத்தில் கீழ்ச்சரிவில் காபியும் மிளகும் வைத்தேன். முன்னைவிட நிலம் நன்றாகத்தான் கொடுக்கிறது, பொய் சொல்லக் கூடாது. காட்டிச் சந்தோஷப்படத்தான் ஆள் இல்லை. முதல் காபிப்பழம் சிவந்த அன்று மேட்டைப் பார்த்து "மதினி" என்று கூப்பிட்டே விட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

போன மாதம் தோட்டக்கலை அலுவலர் ஒருவர் வந்தார். "கீழ இவ்வளவு நல்லா வந்திருக்கு, மேல மட்டும் எதுக்கும்மா இன்னும் பீன்ஸ்? நல்ல மண்ணை வீணாக்குறீங்களே" என்றார்.

"நாத்து கெடைக்கலீங்க" என்று மழுப்பினேன்.

மரம் வேர் பிடித்துவிட்டால் பிடுங்க மனம் வராது. பீன்ஸ் என்றால் மூன்றே மாதம். அவள் எப்போது வந்து கேட்டாலும் காலி செய்து கொடுத்துவிடலாம்.